கைட்டோசான் பூசிய மேக்னடைட் நானோ துகள்கள்: மருந்து வெளியீட்டு வளைவை வரைவதற்கு முன் அளந்தவை

நடுவில் மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு, அதைச் சுற்றி சிட்ரேட், அதில் ஒட்டிய டாக்சோரூபிசின் என்ற மருந்து, எல்லாவற்றுக்கும் மேல் கைட்டோசான் என்ற சர்க்கரைப் பாலிமரின் பூச்சு. இப்படி ஒரு துகளைச் செய்து, பிஹெச் 5-இலும் 7.4-இலும் மருந்து எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் எடுத்துக்கொண்ட வேலை. இந்த வகைத் துகள்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். பெரும்பாலும் கடைசியில் ஒரு வளைவு இருக்கும், அமிலத்தில் வேகம், நடுநிலையில் மந்தம், ஆகவே இது பிஹெச் பார்த்து மருந்தை விடும் துகள் என்று முடித்துவிடுவார்கள். அந்த வளைவில் துகளின் பங்கு எவ்வளவு, டயாலிசிஸ் பையின் (துகளை உள்ளே நிறுத்தி மருந்தை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) பங்கு எவ்வளவு, பஃபரின் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நீண்ட நாள் ஆசை. அதனால் எந்தக் கருவி தந்த எண்ணையும் தனியாக நம்பாமல், இன்னொரு கருவியின் எண்ணோடு உரசிப் பார்த்துக்கொண்டே போனேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துகள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெனே மசார் 1981-இல் வெளியிட்ட இணை வீழ்படிவு முறைதான். ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம், அதாவது மோல் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. நைட்ரஜன் ஓடவிட்டு ஆக்சிஜனை விரட்டிய 100 மில்லி நீரில் கரைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே அம்மோனியாவை ஊற்றினால் ஆரஞ்சு நிறக் கரைசல் கண் இமைக்கும் நேரத்தில் கறுத்துவிடும். முழுதும் மேக்னடைட் ஆனால் 2.3 கிராம் கிடைக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஃபெரஸ் குளோரைடு பாட்டில்தான்: உப்பு வெளிர் பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சளும் பழுப்பும் ஏறியிருந்தால் ஃபெரஸில் (இரும்பு 2+) பாதி ஏற்கெனவே ஃபெரிக் (இரும்பு 3+) ஆகிவிட்டது என்று அர்த்தம், எடை போட்ட விகிதம் அப்போதே பொய். வேறு பாட்டில் எடுப்பது நல்லது.

கறுப்பு வீழ்படிவைக் காந்தத்தால் பிடித்துக் கழுவி, சிட்ரிக் அமிலத்தோடு 90 டிகிரி செல்சியஸில் கலக்கினேன். சிட்ரேட் சரியாக ஒட்டியதா என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். முதலில் காந்தத்தை வைத்த நொடியே சுவரில் போய் அப்பிக்கொண்ட துகள்கள், சிட்ரேட் ஒட்டிய பிறகு காந்தத்தைக் கண்டுகொள்ளாமல் கரைசலிலேயே நிற்கும், பாத்திரத்தைச் சாய்த்தால் மெல்லிய தேன் நிற விளிம்பு தெரியும். காந்தத்தன்மை போய்விடவில்லை. ஒவ்வொரு துகளும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டதால், பத்து நானோமீட்டர் துகளை இழுக்க அந்தக் காந்தத்தின் விசை போதவில்லை, அவ்வளவுதான். அசிட்டோன் சேர்த்தால் திரண்டு உட்காரும், அப்போது காந்தம் பிடிக்கும்.

முதலில் எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படிக அமைப்பைப் பார்ப்பது. 30.1, 35.5, 43.1, 53.5, 57.0, 62.6 டிகிரிகளில் ஸ்பைனல் என்ற படிக அமைப்புக்குரிய பீக்குகள் வந்தன. 35.5 பீக்கின் அரை உயர அகலம் கருவியின் பங்கைக் கழித்த பிறகு சுமார் 0.8 டிகிரி, அதை ரேடியனாக்கி, பீக்கின் அகலத்திலிருந்து படிகத்தின் அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் 10.4 நானோமீட்டர். கருவியின் பங்கைக் கழிக்க லாந்தனம் ஹெக்ஸாபோரைடு மாதிரி ஒன்றை அதே அமைப்பில் ஓட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் எக்ஸ்ஆர்டியை வைத்து "இது மேக்னடைட்" என்று அடித்துச் சொல்ல முடியாது. மேக்னடைட்டின் அலகுக்கூட்டு நீளம் 8.396 ஆங்ஸ்ட்ராம், மேக்னடைட் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வரும் மேகமைட்டுடையது சுமார் 8.35. பீக் இவ்வளவு அகலமாக இருக்கும்போது அந்த வித்தியாசம் அதற்குள்ளேயே மூழ்கிவிடும்.

அதைத் தீர்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை, ஃபெரஸ் இரும்போடு சேர்ந்தால் சிவக்கும் ஃபெனாந்த்ரோலின் போதும். துகளை நைட்ரஜனுக்குக் கீழே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஒரு பகுதியில் நேரடியாக 1,10-ஃபெனாந்த்ரோலின் சேர்த்து 510 நானோமீட்டரில் படித்தால் ஃபெரஸ் மட்டும் தெரியும். இன்னொரு பகுதியில் ஹைட்ராக்சிலமீன் சேர்த்து எல்லாவற்றையும் ஃபெரஸ் ஆக்கிவிட்டுப் படித்தால் மொத்த இரும்பு. கலந்தபின் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது, ஃபெரிக்-ஃபெனாந்த்ரோலின் ஒளி பட்டால் தானாகவே ஃபெரஸாக இறங்கும், எண் ஏறிக்கொண்டே போகும். தூய மேக்னடைட் என்றால் ஃபெரஸ், ஃபெரிக்கில் பாதி இருக்க வேண்டும். எனக்கு வந்தது அதற்குக் கணிசமாகக் கீழே. அதாவது துகளின் ஒரு பகுதி மேகமைட் ஆகிவிட்டது. இந்த அளவுத் துகளில் இது இயல்பு, 90 டிகிரியில் அமிலத்தோடு கலக்கியதும் அதற்குத் துணை போயிருக்கும். இதன் பிறகு குறிப்பேட்டில் "மேக்னடைட்" என்று எழுதுவதை விட்டு "இரும்பு ஆக்சைடு" என்றே எழுதத் தொடங்கினேன்.

மொத்த இரும்பின் அளவு வேறு எல்லாக் கணக்குக்கும் அச்சாணி. மருந்து எவ்வளவு, பூச்சு எவ்வளவு, காந்தமாக்கம் எவ்வளவு என்று எதைச் சொன்னாலும் ஒரு கிராம் இரும்பு ஆக்சைடுக்கு இவ்வளவு என்று சொன்னால்தான் இரண்டு மாதிரிகளை ஒப்பிட முடியும். ஒரு கிராம் "துகளுக்கு" என்றால் அதில் நீரும் இருக்கிறது, பாலிமரும் இருக்கிறது, கழுவாமல் விட்ட உப்பும் இருக்கிறது.

அப்புறம் டாக்சோரூபிசின். இது புற்றுநோய் மருந்து, செல்லைக் கொல்லும் பொருள், எடை போடுவது முதல் கழிவைச் சேர்ப்பது வரை எல்லாமே ஃப்யூம் ஹூடுக்குள், இரட்டைக் கையுறையோடு, தனிக் கழிவுக் குப்பியில். நோக்கம் முறையைக் கற்றுக்கொள்வது மட்டும் என்றால் ரோடமின் மாதிரி ஒரு சாயத்தை வைத்துச் செய்யலாம், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். டாக்சோரூபிசினின் அமீன் நேர்மின்னூட்டம் கொண்டது, அதன் பிகேஏ (அந்த மின்னூட்டம் பாதியாகும் பிஹெச்) 8-க்குச் சற்று மேலே. சிட்ரேட்டின் கார்பாக்சிலேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் நடுநிலைக்கு அருகில் இரண்டையும் கலந்தால் தானாகவே ஒட்டும். கைட்டோசானும் நேர்மின்னூட்டம் என்பதால் கைட்டோசானை முதலில் பூசிவிட்டு மருந்தை ஏற்ற முயன்றால் சரியாக ஏறாது. மருந்து முதலில், கைட்டோசான் பிறகு. கைட்டோசானை ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ட்ரைபாலிஃபாஸ்பேட்டால் குறுக்குப் பிணைப்புப் போட்டேன்.

இதில் எவ்வளவு மருந்து உள்ளே தங்கியது என்பதை "போட்டதிலிருந்து முதல் மேல்நீரில் இருந்ததைக் கழித்தால்" கிடைக்கும் எண்ணாக எடுத்துக்கொள்வது வழக்கம். அது போதாது. கைட்டோசான் அமிலக் கரைசலில் வருகிறது, அமிலத்தில் சிட்ரேட்டின் பிடி தளர்கிறது, ஏறிய மருந்தில் ஒரு பங்கு அந்தக் கட்டத்தில் திரும்ப வெளியே வரும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தபோது இரண்டாம் கழுவு நீரும் மங்கலான ஆரஞ்சாகவே இருந்தது. எல்லாக் கழுவு நீரையும் தனித்தனியாக எடுத்துவைத்து 480 நானோமீட்டரில் படித்து, நிறமே இல்லாமல் போகும் வரை கழுவி, மொத்தத்தையும் கூட்டித்தான் ஏற்ற அளவைக் கணக்கிட்டேன். டாக்சோரூபிசின் கண்ணாடியில் ஒட்டும் என்பதால் பாலிப்ரோப்பிலீன் குழாய்கள். ஒளியில் சிதையும் என்பதால் எல்லாவற்றையும் சுற்றி அலுமினியத் தாள்.

பூச்சு இருக்கிறதா என்று பார்க்க எஃப்டிஐஆர், அதாவது எந்த அகச்சிவப்பு ஒளி உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்துப் பிணைப்புகளை அடையாளம் காண்பது. 580 அலைஎண்ணுக்கு அருகே இரும்பு-ஆக்சிஜன் பிணைப்பு. தனிச் சிட்ரிக் அமிலத்தில் 1,715 அருகே இருக்கும் கார்பனைல் பீக், துகளில் 1,600 பக்கம் நகர்ந்திருந்தது, கார்பாக்சிலேட்டாக இரும்போடு பிணைந்ததற்கு அடையாளம். கைட்டோசான் வந்தபின் 1,070 பக்கம் சர்க்கரை வளையங்களின் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புக்குரிய அகன்ற மேடு. சரி, ஆனால் எஃப்டிஐஆர் "இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது, துகளைச் சுற்றி இருக்கிறதா பக்கத்தில் கலந்து கிடக்கிறதா என்றும் சொல்லாது. 1,630 அருகில் ஒட்டியிருக்கும் நீரின் பீக்கும் வந்து கைட்டோசானின் அமைடு பீக்கோடு கலந்துவிடுகிறது. இதை வைத்து நீண்ட பத்திகள் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எவ்வளவு என்பதற்கு டிஜிஏ, அதாவது சூடாக்கிக்கொண்டே எடை இழப்பை அளப்பது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எடை இழப்பைப் பூச்சு என்று எடுத்துக்கொள்வதில் இரண்டு பக்கமும் பள்ளம். காற்றில் ஓட்டினால் மேக்னடைட் ஆக்சிஜனை வாங்கி முழுக்க ஃபெரிக் ஆக்சைடாகும், அதில் எடை 3.5 சதவீதம் வரை கூடும், பூச்சின் இழப்பு அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். நைட்ரஜனில் ஓட்டினால் பாலிமர் கரியாகி உள்ளேயே தங்கி, 600 டிகிரியைத் தாண்டியதும் அந்தக் கரி இரும்பு ஆக்சைடின் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாகவும் டைஆக்சைடாகவும் போகும்; அந்த இழப்பைப் பூச்சின் கணக்கில் சேர்த்தால் பூச்சு மிகையாகிவிடும். ஆகவே இரண்டிலும் ஓட்டினேன். 120 டிகிரி வரை போனது ஒட்டிய நீர், 200-க்கும் 450-க்கும் நடுவில் போனது சிட்ரேட், மருந்து, கைட்டோசான் எல்லாம் சேர்ந்தது. நீரையும் சேர்த்துப் பார்த்தால் பூசிய துகளில் ஏறக்குறைய 26 சதவீதம் ஆக்சைடு அல்லாதது, 74 சதவீதம் ஆக்சைடு என்று வந்தது.

இந்த 74-ஐ நம்பலாமா? மேக்னடைட்டில் இரும்பு எடையில் 72.4 சதவீதம், மேகமைட்டில் 69.9. 74 சதவீதம் ஆக்சைடு என்றால் பூசிய துகளில் இரும்பு 51.7-க்கும் 53.6-க்கும் நடுவில் எங்கேயோ இருக்க வேண்டும். ஃபெனாந்த்ரோலின் சொன்னது 53-க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சம்பந்தமே இல்லாத வழிகள், ஒன்று எரிப்பது, ஒன்று கரைத்து நிறம் பார்ப்பது, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது வந்த நிம்மதி பெரிது.

மூன்றாவது சாட்சி விஎஸ்எம், காந்தமாக்கத்தை அளக்கும் கருவி. மொத்தப் பொருளாக இருக்கும் மேக்னடைட்டின் தெவிட்டுக் காந்தமாக்கம் கிராமுக்கு 92 இஎம்யு. நானோ அளவில் மேற்பரப்பிலுள்ள ஸ்பின்கள் ஒழுங்கு குலைவதால் குறையும். பூசாத துகளுக்கு 66, அதில் 3 சதவீதம் நீர், ஆக ஆக்சைடு கிராமுக்கு 68. பூசியதற்கு 50. 66-இலிருந்து 50-க்கு இறங்கியதைப் பார்த்து "பூச்சு காந்தத்தன்மையைக் குறைத்துவிட்டது" என்று எழுதுபவர்கள் உண்டு. 50-ஐ 0.74-ஆல் வகுத்தால் 67.6. அதாவது ஆக்சைடுக்கு ஒன்றும் ஆகவில்லை, எடை போடும்போது பாலிமரையும் சேர்த்துப் போட்டதால் வந்த இறக்கம்தான். அறை வெப்பநிலையில் காந்தத் தயக்க வளையம் திறக்கவே இல்லை, எஞ்சிய காந்தமாக்கம் கண்ணில் படும் அளவுக்கு இல்லை. காந்தத்தை எடுத்தால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது என்பதற்கு இந்த சூப்பர்பாராகாந்தத்தன்மை அவசியம்.

அளவு விஷயத்தில் டெம்மும் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) டிஎல்எஸ்ஸும் (கரைசலில் ஒளிச்சிதறலை வைத்து அளவு பார்ப்பது) வேறு வேறு கதை சொல்லும், இரண்டும் உண்மைதான். டெம்மில் பத்து நானோமீட்டர் கறுப்புப் புள்ளிகள். டிஎல்எஸ்ஸில் சிட்ரேட் துகளுக்கு முப்பதுகளில், கைட்டோசான் பூசியதற்கு நூற்றைம்பதை ஒட்டி. ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்காக ஏறும் என்பதால் 100 நானோமீட்டர் துகள் ஒன்று, பத்து நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்து தரும் ஒளியைத் தனியாகத் தரும். ஆகவே டிஎல்எஸ் பெரியதைத்தான் உரக்கச் சொல்லும். ஆனாலும் டெம்மைத் திரும்ப உற்றுப் பார்த்தால் கைட்டோசானுக்குள் ஒற்றைத் துகள் இல்லை, கொத்தாகப் பல துகள்கள் ஒரு சாம்பல் நிற மங்கலுக்குள் அடைபட்டிருந்தன. படத்தில் அழகாக வரையும் "ஒரு கரு, ஒரு ஓடு" அமைப்பு இங்கே இல்லை, இது கொத்து. மருந்து வெளியேறும் பாதையைப் பற்றி யோசிக்கும்போது இது முக்கியம். கரைசல் கறுப்பாக இருந்தால் லேசரைத் துகளே உறிஞ்சிவிடும், வெளிர் மஞ்சள் ஆகும் வரை நீர்த்துவிட்டுத்தான் டிஎல்எஸ் எடுக்க வேண்டும்.

துகள் மேற்பரப்பின் மின்னூட்டத்தைச் சொல்லும் ஜீட்டா பொட்டென்ஷியல் அடுக்குகளை ஏறிய வரிசையிலேயே காட்டியது. வெறும் துகள் பிஹெச் 7-க்குச் சற்று முன் பூஜ்யத்தைக் கடந்தது, சிட்ரேட் ஒட்டியதும் மைனஸ் முப்பதுகள், கைட்டோசானுக்குப் பிறகு பிஹெச் 5.5-இல் பிளஸ் முப்பதை ஒட்டி. இந்தக் குறி மாற்றம்தான் பூச்சு வெளிப்புறத்தில் இருக்கிறது என்பதற்கு எஃப்டிஐஆர் தராத சான்று. ஆனால் அதே துகளை பிஹெச் 7.4-க்குக் கொண்டுவந்தால் பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிடுகிறது, ஏனென்றால் கைட்டோசானின் பிகேஏ 6.5 சுற்றுவட்டாரம், அதற்கு மேலே அமீன்கள் மின்னூட்டத்தை இழக்கின்றன. போதாததற்கு உடலியல் உப்புச் செறிவில் மின் விலக்கம் எட்டும் தூரமே ஒரு நானோமீட்டருக்கும் கீழே. விளைவு, பாஸ்பேட் பஃபரில் போட்ட சில நிமிடங்களில் துகள்கள் திரண்டு பையின் அடியில் உட்கார்ந்தன.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். பிஹெச் 7.4-இல் வெளியீடு மந்தம் என்று வரும் வளைவில், பூச்சு சுருங்கி மருந்தைப் பிடித்துவைத்ததும் இருக்கிறது, துகள்கள் கட்டியாகி மேற்பரப்பு குறைந்ததும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க முடியாது.

சரி, வெளியீட்டுக்கு வருகிறேன். 12,000 முதல் 14,000 டால்டன் வெட்டளவு கொண்ட டயாலிசிஸ் பை, வெளியே 50 மில்லி பஃபர், 37 டிகிரி, இருட்டு. முழுதும் வெளியே வந்தாலும் மில்லிக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டாதபடி மருந்தின் அளவை வைத்தேன். மூன்று பஃபர்கள்: பிஹெச் 5-க்கு அசிட்டேட், 7.4-க்கு பாஸ்பேட், 7.4-க்கே இன்னொன்றாக உப்புச் சேர்த்த, பாஸ்பேட் இல்லாத ஹெபெஸ். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கன்ட்ரோல்கள். ஒன்றில் துகளே இல்லாமல் வெறும் மருந்து பைக்குள். இன்னொன்றில் மருந்தில்லாத பூசிய துகள் பைக்குள்.

வெறும் மருந்துக் கன்ட்ரோல் கற்றுக்கொடுத்ததுதான் அதிகம். எந்தத் துகளும் இல்லாமலேயே மருந்து பையைக் கடக்கச் சில மணி நேரம் எடுக்கிறது, வளைவின் வடிவம் பார்க்க "கட்டுப்படுத்திய வெளியீடு" மாதிரியே இருக்கிறது. அதோடு 7.4-இல் கடப்பது 5-இல் கடப்பதைவிட மெதுவு, காரணம் பாஸ்பேட் உப்பில் டாக்சோரூபிசின் தனக்குள் திரளும், கரைதிறனும் குறையும். ஆக, பிஹெச்சுக்கு ஏற்ப மாறும் வேகத்தில் ஒரு பங்கு மருந்தின் சொந்தக் குணம். இந்தக் கன்ட்ரோலைப் பக்கத்தில் வரையாத வெளியீட்டு வளைவை நான் இனிமேல் எடை போட்டுப் பார்க்கப் போவதில்லை.

மருந்தில்லாத துகள் வைத்த பையின் வெளிநீர் பிஹெச் 5-இல் நாளாக ஆக மெல்ல மஞ்சளாகியது. ஃபெனாந்த்ரோலின் சேர்த்தால் சிவப்பு, இரும்பு கசிகிறது. கரைந்த ஃபெரிக் இரும்பு புற ஊதாவில் தொடங்கி 400 நானோமீட்டரைத் தாண்டி வால் நீட்டும், அதைக் கழிக்காவிட்டால் மருந்தாகவே எண்ணப்படும். அமிலப் பக்கத்துக்கு அசிட்டேட்டைத் தேர்ந்ததும் இதனால்தான், சிட்ரேட் பஃபர் இரும்பைக் கவ்வி இழுத்துக் கரைத்துவிடும்.

பாஸ்பேட்டுக்கும் ஹெபெஸுக்கும் வித்தியாசம் தெளிவாக இருந்தது. ஒரே பிஹெச், ஒரே உப்பு, ஆனால் பாஸ்பேட்டில் மருந்து கூடுதலாக வெளியே வந்தது, அதுவும் வெறும் மருந்து பாஸ்பேட்டில்தான் மெதுவாகக் கடக்கிறது என்ற நிலையிலும். பாஸ்பேட் இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பை மிக வலுவாகப் பிடிக்கும், சிட்ரேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். சிட்ரேட் கிளம்பினால் அதோடு ஒட்டிய மருந்தும் கிளம்பும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட் ஒரு மில்லிமோலார் அளவு, நாம் ஆய்வகத்தில் ஊற்றும் பஃபரில் பெரும்பாலும் பத்து. இந்த மாதிரித் துகளுக்கு வழக்கமான பாஸ்பேட் பஃபர் நடுநிலையான ஊடகம் இல்லை, வினையில் பங்கேற்கும் ஒரு பொருள்.

மாதிரி எடுக்கும்போது 1 மில்லி எடுத்து 1 மில்லி புதுப் பஃபர் ஊற்றினால், 50-இல் 1, அதாவது வெளியிலிருக்கும் மருந்தில் 2 சதவீதம் ஒவ்வொரு தடவையும் நம் கையோடு போகிறது. எடுத்ததை எல்லாம் திரும்பக் கூட்டாமல் விட்டால் வளைவின் வால் பொய்யாகத் தட்டையாகும். 7.4-இல் 37 டிகிரியில் மருந்தே மெல்லச் சிதையும் என்பதால், அதே சூட்டில் அதே நேரம் வைத்த ஸ்டாண்டர்டு கரைசலையும் கூடவே படித்துத் திருத்தினேன்.

மருந்து வெளியேறும் வேகத்தை விவரிக்கும் ஹிகுச்சி, கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் மாடல்களைப் பொருத்திப் பார்த்தேன், இரண்டும் நன்றாகவே பொருந்தின, அதில்தான் எனக்குச் சந்தேகம். கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் முதல் 60 சதவீத வெளியீட்டுக்கு மட்டும் பொருந்தக்கூடியது, கோளத்துக்கு நேரத்தின் அடுக்கெண் 0.43 வந்தால் வெறும் பரவல் என்று பொருள். ஆனால் பையைக் கடக்கும் வேகத்தைப் பிரித்தெடுக்காமல் பொருத்தினால் அந்த 0.43 பைக்குச் சொந்தமா துகளுக்குச் சொந்தமா என்று சொல்ல முடியாது. அதனால் வெறும் மருந்துக் கன்ட்ரோலிலிருந்து சவ்வின் வேக மாறிலியை எடுத்து, துகளிலிருந்து வெளியேறுவதையும் சவ்வைக் கடப்பதையும் தொடர்ந்து நடக்கும் இரண்டு படிகளாக வைத்துப் பொருத்தினேன். பிஹெச் 5-இல் துகளிலிருந்து வெளியேறுவது சவ்வைக் கடப்பதற்கு ஏறத்தாழ ஒத்த வேகம், ஆகவே அங்கே இந்த முறை உண்மையான வேகத்தைக் காட்டாது. 7.4-இல்தான் துகள் நிஜமாகவே தடுக்கிறது.

கடைசியாகப் பையைத் திறந்து உள்ளே மிச்சமிருப்பதை எண்ணியது. பிஹெச் 5-இல் வளைவு 70 சதவீதத்துக்கு அருகில் நின்றுவிட்டது, எவ்வளவு காத்திருந்தாலும் நகரவில்லை. துகள்களைச் சூடாக்காமல் அமிலத்தில் கரைத்தேன், சூடாக்கினால் டாக்சோரூபிசினின் சர்க்கரை அறுந்துவிடும். அதே அளவு இரும்பு கலந்த ஸ்டாண்டர்டுகளோடு ஒப்பிட்டுப் படித்தால் மிச்சம் கிட்டத்தட்ட முழுதும் கிடைத்துவிட்டது, கணக்கு மூடியது. சென்ட்ரிஃபியூஜில் அடியில் உட்கார்ந்த துகளின் மேல் இருந்த நீர் ஆரஞ்சாக இல்லை, ஊதா சாய்ந்த நிறம்; 600 நானோமீட்டர் பக்கம் தனியாக ஒரு உறிஞ்சல். ஃபெரிக் இரும்போடு டாக்சோரூபிசின் நேரடியாகப் பிணைந்தால் வரும் நிறம் அது. சிட்ரேட்டில் மின்னூட்டத்தால் ஒட்டியது ஒரு பங்கு, இரும்பிலேயே அணைவாகப் பிணைந்தது இன்னொரு பங்கு, இரண்டாவது பங்கை பிஹெச் 5 அசைக்காது. அடுத்த தொகுதியில் ஆக்சைடுக்கும் மருந்துக்கும் நடுவில் மெல்லிய சிலிக்கா அடுக்கு ஒன்றைப் போட்டு, அதன்மேல் கார்பாக்சிலேட் வைத்து, இதே மூன்று பஃபர்களிலும் இதே கன்ட்ரோல்களோடும் ஓட்டப் போகிறேன். 600-இல் உறிஞ்சல் மறைந்து வளைவு 70-ஐத் தாண்டினால் காரணம் இதுதான் என்று உறுதியாகும்.